முப்பத்தொன்றாவது நிமிடம்

கே.கே. நகர், மதுரை
18 நவம்பர் 2024

எடிட்டர் ஸ்ரீநாத் அவர்களுக்கு,

என் பெயர் முத்துமீனா. என் போன் எண்ணை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பீர்கள். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

போன வாரம் உங்கள் யூடியூப் சேனலில் "ஒரு சொட்டு கிடையாது!" என்று சிவப்பு எழுத்தில் தலைப்புப் போட்டு ஒரு வீடியோ வந்தது. அதில் நரைத்த மீசையோடு கண்மாய்க் கரையில் நிற்கிறவர் பேயாண்டி, மேலத்துவரிப்பட்டிப் பாசனச் சங்கத் தலைவர். நான் அவருடைய மூத்த மகள். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன்.

வீடியோ இரண்டு நிமிடம் பத்து வினாடி. அதில் அப்பா சொல்கிறார்: "கீழ ஊருக்குத் தண்ணி விட முடியாது. யாரு வந்து கேட்டாலும் இதான் பதிலு." இந்த இரண்டு வாக்கியத்தையும் அவர் சொன்னது உண்மை. ஆனால் முதல் வாக்கியத்துக்குப் பின்னால் மடைச் சுவரில் விரிசல் இருப்பதைச் சொன்னார். இப்போது திறந்தால் மடையே பிய்த்துக்கொண்டு போய்விடும், பத்து நாளில் சரிசெய்து முதல் தண்ணீரைக் கீழத்துவரிப்பட்டிக்கே விடுவோம் என்றார். இரண்டாவது வாக்கியம், மீன் பிடிப்பதற்காகக் கண்மாயை வற்ற வைக்கச் சொன்ன குத்தகைக்காரனைப் பற்றியது. இரண்டையும் ஒட்டியது உங்கள் கை. வீடியோவின் கடைசியில் "எடிட்டிங்: ஸ்ரீநாத்" என்று பெயரும் போட்டிருக்கிறீர்கள்.

இதனால் என்ன ஆனது தெரியுமா? என் தங்கை பவதாரிணியைக் கட்டிக்கொடுத்திருப்பது கீழத்துவரிப்பட்டியில். இப்போது ஏழு மாதம். இருபத்திரண்டாம் தேதி வளைகாப்பு. வீடியோ வந்த அன்றே அவள் வீட்டுக்காரர் சிவபாண்டி அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார். "ஒங்கப்பன் வாசல்ல இவ கால் படாது. பிரசவமும் இங்கதான். நீங்க யாரும் வர வேணாம்." அப்பா எவ்வளவோ விளக்கம் சொன்னார். அவர் வாயாலேயே சொன்னதைத்தானே கேட்டோம் என்கிறார்கள்.

முழு வீடியோவையும் வெளியிடுங்கள், அல்லது என்னிடம் கொடுங்கள். ஒரு வாரம் பார்ப்பேன்.

முத்துமீனா


சிம்மக்கல், மதுரை
23 நவம்பர் 2024

முத்துமீனா மேடத்துக்கு,

தினமும் இருபது பேர் திட்டுவதற்குக் கூப்பிடுகிறார்கள். இருபது எண்ணையும் பிளாக் செய்கிறேன். உங்களுக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊருக்கே அனுப்புவீர்கள் என்பதால் நானும் தபாலிலேயே எழுதுகிறேன்.

சேனல் என்னுடையது இல்லை. ஓனர் ராஜகுரு அண்ணன். அவர் இரண்டு நிமிடம் கேட்டால் நான் இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டும். உங்கள் அப்பா பேசியது முப்பத்தைந்து நிமிடம். மடை, ஷட்டர், அவருடைய தாத்தா காலத்துக் கரைக்காவல், எல்லாம் பேசினார். அதை அப்படியே போட்டால் நீங்களே முழுசாகப் பார்க்க மாட்டீர்கள். வேண்டாததை எடுப்பதுதான் எடிட்டிங். உங்கள் லேபில் ஆளையே முழுசாகப் பிழிந்தா பார்க்கிறீர்கள்? ஒரு துளி ரத்தம்தானே எடுக்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். நான்கு வருடம் கல்யாண வீடியோ. மாலை மாற்றுவது, பந்தி, மணமேடையில் தூங்கும் குழந்தை. யாரும் ஒரு தடவைக்கு மேல் பார்க்காத வேலை. இந்த வீடியோவைப் பதினான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு பெரிய தயாரிப்புக் கம்பெனி கூப்பிட்டது. "இதை எடிட் பண்ணினது யாருங்க?" என்று கேட்டார்கள். என்னை யாரும் அப்படித் தேடியதே கிடையாது. ஜனவரியில் அங்கே சேர்கிறேன். உங்களுக்காக அதைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் தங்கை வீட்டுச் சண்டைக்கு நான் என்ன செய்வேன்? ஒரு வீடியோவில் உடைகிற சம்பந்தம் ஏற்கெனவே விரிசல் விட்டதாகத்தான் இருக்கும்.

ஸ்ரீநாத்


கே.கே. நகர்
2 டிசம்பர் 2024

ஸ்ரீநாத் அவர்களுக்கு,

ஒரு துளிதான் எடுப்போம். ஆனால் ஒரே குழாயில் இரண்டு பேருடைய ரத்தத்தை ஊற்றி, இதுதான் இந்த ஆளின் ரத்தம் என்று சீட்டு ஒட்டுவதில்லை. அப்படிச் செய்தால் எங்களை உள்ளே தூக்கிப் போடுவார்கள்.

வளைகாப்பு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து வகைச் சோறும் வளையலும் எடுத்துக்கொண்டு அம்மாவும் அப்பாவும் போனார்கள். தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சோற்றை அம்மா மாட்டுத் தொட்டியில் கொட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். இது உங்கள் பதினான்கு லட்சம் பேரும் பார்க்காத காட்சி.

சொன்னதற்குச் சில நாள் தள்ளி, இருபத்தேழாம் தேதி மடை வேலை முடிந்தது. சொன்னபடி முதல் தண்ணீர் கீழத்துவரிப்பட்டிக்குத்தான் போனது. அங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? "வீடியோவுக்குப் பயந்துல்ல தொறந்து விட்டுருக்கான்."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. செல்லூரில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தபாலின் பின்பக்கம் வீட்டு முகவரி எழுதியிருந்தீர்கள். நீங்கள் இல்லை. உங்கள் அம்மா சாரதாம்பாள் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நான் சத்தம் போடவில்லை. வீடியோவைப் போனில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள் என்றேன். அன்றைக்குக் கரைக்குப் பின்னால் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் அம்மா இரண்டாவது தடவையிலேயே கண்டுபிடித்துவிட்டார். "டிராக்டர் என்னம்மா இப்படி விக்குது? தறிச் சத்தத்துலயே நாப்பது வருஷமா கெடக்கேன். சத்தம் அறுந்தா எனக்குத் தெரியும்." மூன்று இடத்தில் விக்கியது. அந்த மூன்று இடத்திலும் திரையில் அப்பா முகம் இல்லை. ஒரு கொக்கு நிற்கிறது. நீங்கள் வாக்கியத்தை வெட்டிய இடத்தை மறைக்கிற கொக்கு.

"எம் பையனா இதச் செஞ்சான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை சைபர் கிரைமில் புகார் கொடுக்கப் போகிறேன்.

முத்துமீனா


செல்லூர்
4 டிசம்பர் 2024

முத்துமீனா,

மேடம் எல்லாம் இனி கிடையாது. சண்டை உங்களுக்கும் எனக்கும்தான். என் வீட்டு வாசலை ஏன் மிதித்தீர்கள்? அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறார். நான் இந்த வேலைக்குப் போனபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதது அவர் ஒருத்தர்தான். இப்போது திருப்திதானே?

சரி. புகார் கொடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். முப்பத்தொன்றாவது நிமிடத்துக்குப் பிறகு என்ன பேசினார்?

தெரியாதில்லையா? நான் சொல்கிறேன். பேட்டி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காமிராக்காரர் காமிராவைத் தாழ்த்திவிட்டார். ஆனால் நிறுத்தவில்லை. திரையில் புல்லும் உங்கள் அப்பாவின் செருப்பும்தான் தெரிகின்றன. சட்டையில் குத்தியிருந்த மைக்கை யாரும் கழற்றவில்லை. ஹெட்போனில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்:

"அவனுகளுக்கு வெள்ளாம ஒரு கேடா? ஊரே சீட்டு வெளையாடுற பயலுக. தண்ணி விட்டா மட்டும் வெதைக்கப் போறானுகளாக்கும். எம் மகள அங்க குடுத்ததுக்கு இந்தக் கம்மாயில தள்ளியிருக்கலாம். மாப்ளயாம் மாப்ள. மாட்டுக்குப் புல்லறுக்கத் தெரியாத பய."

இப்படி நான்கு நிமிடம்.

முத்துமீனா, இதைப் போட்டிருந்தால் பதினான்கு லட்சம் இல்லை, ஐம்பது லட்சம். சென்னைக்காரர்கள் என்னைக் கார் வைத்துக் கூட்டிப் போயிருப்பார்கள். ராஜகுரு அண்ணன் எதையும் முழுசாகப் பார்க்கிறவர் இல்லை. கேட்டது நான் ஒருவன்தான். எடுத்து ஓரமாகப் போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. பெண் அந்த ஊரில் வாழ்கிறது என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது, அதனால்.

வெட்டுவது அயோக்கியத்தனம் என்றால் இதை வெட்டியதும் அயோக்கியத்தனமா? வெள்ளிக்கிழமை போய்ப் புகார் கொடுங்கள். போலீஸ் முழுசையும் கேட்பார்கள். முழுசையும் கொடுக்கிறேன்.

ஸ்ரீநாத்


மேலத்துவரிப்பட்டி
10 டிசம்பர் 2024

ஸ்ரீநாத் அவர்களுக்கு,

புகார் கொடுக்கவில்லை. ஊருக்கு வந்திருக்கிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். வாளியைக் கீழே வைத்தார்.

"பேசுனேன் தாயி," என்றார். "தலதீவாளிக்கு மாப்ள வரலையில்ல. இல எடுத்து வச்சுட்டு மத்தியானம் வரைக்கும் ஒக்காந்திருந்தேன். அந்த ஆத்தரம். அது ஒரு வாரம் வயித்துக்குள்ளயே கெடந்துச்சு. காமிராவ எறக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "அந்தக் கடைசிய மட்டும் எடுத்துரச் சொல்லு தாயி. மடையப் பத்திப் பேசுன வரைக்கும் போட்டாப் போதும். அம்புட்டையும் கேட்டா ஒந் தங்கச்சிய அங்க வாழ விட மாட்டானுக," என்றார்.

நான் இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். யாரிடம் எதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

முப்பத்தொன்றாவது நிமிடம் வரைக்கும் மட்டும் அனுப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

முத்துமீனா


செல்லூர்
15 டிசம்பர் 2024

முத்துமீனா,

எந்த இடத்தில் வெட்டட்டும்? முப்பத்தொன்று நான்கிலா, முப்பத்தொன்று எட்டிலா? "சரிப்பா, அம்புட்டுத்தான்" என்று உங்கள் அப்பா துண்டை உதறுகிறார். அங்கே வெட்டினால் நன்றாக முடியும். பார்க்கிறவர்களுக்கு நல்ல மனுசர் என்று தோன்றும். உங்களுக்கும் அதுதானே வேண்டும்? ராஜகுரு அண்ணனும் இப்படித்தான் கேட்பார். அவர் கேட்பதற்குத் தாள் கிழிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வெட்ட மாட்டேன். இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து நிமிடமும் இருக்கிறது. வெட்டுவதென்றால் நீங்களே உட்கார்ந்து வெட்டுங்கள். இலவசமாகவே சாப்ட்வேர் கிடைக்கிறது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மறைப்பதற்குத் தேவைப்படும் என்று கொக்கையும் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் ஒன்றைக் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் நான் செய்தது நான்கு நிமிட வீடியோ. அதில் விரிசல் இருந்தது, பத்து நாள் இருந்தது, முதல் தண்ணீர் யாருக்கு என்பதும் இருந்தது. ராஜகுரு அண்ணன் பார்த்துவிட்டு, "இதுல என்னடா இருக்கு?" என்றார். அரை மணி நேரத்தில் இரண்டாவதைச் செய்தேன். அவர் எந்த வாக்கியத்தையும் ஒட்டச் சொல்லவில்லை. நானாக ஒட்டினேன். ஒட்டி முடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது எனக்கு அது பிடித்திருந்தது. வேலை சுத்தமாக இருந்தது. உங்கள் அப்பா முகமே அப்போது என் கண்ணில் படவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அம்மா கேட்டார், அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

ரஷஸை, அதாவது வெட்டாத வீடியோவை, வெளியாளுக்குக் கொடுப்பது எங்கள் தொழிலில் திருட்டுக்குச் சமம். அதனால் இது வெளியே வந்தால் நான் காலி.

ஸ்ரீநாத்


செல்லூர்
27 டிசம்பர் 2024

முத்துமீனா,

காலி ஆகிவிட்டேன். நான் காப்பி எடுத்ததைக் கூட வேலை பார்க்கிற ஒருவன் பார்த்திருக்கிறான். ராஜகுரு அண்ணன் சிரித்துக்கொண்டே, "போயிட்டு வா மாப்ள" என்றார். அதோடு விடவில்லை. சென்னைக்குப் போன் போட்டு, ரஷஸை வெளியில் விற்கிற பையன் என்று சொல்லியிருக்கிறார். நேற்று அவர்கள் கூப்பிட்டார்கள். வேறு ஆள் பார்த்துக்கொண்டார்களாம்.

திங்கட்கிழமையிலிருந்து பழையபடி கல்யாண வீடியோ. தை மாதத்துக்கு நிறைய வேலை இருக்கிறதாம்.

உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை இங்கே எழுதினால் தபால்காரருக்கே சுடும். நீங்கள் நல்லா இருக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்கிற உரிமையை என் வேலையைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

வெட்டினீர்களா, இல்லையா?

ஸ்ரீநாத்


மேலத்துவரிப்பட்டி
6 ஜனவரி 2025

ஸ்ரீநாத் அவர்களுக்கு,

வெட்டினேன்.

நீங்கள் எழுதியிருந்தபடியே செய்தேன். துண்டை உதறுகிற இடம்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. ஓட்டிப் பார்த்தேன். அப்பா அவ்வளவு நியாயமான மனிதராகத் தெரிந்தார். எனக்கே நம்பத் தோன்றியது. அப்போதே வெட்டியதை அழித்துவிட்டேன்.

பவதாரிணியைப் பார்க்க வழி இல்லாமல் இருந்தது. அவள் மாதாந்தரப் பரிசோதனைக்குச் செக்கானூரணி ஆஸ்பத்திரிக்கு வருகிற நாள் தெரியும். மாமியாரோடு வந்திருந்தாள். ஸ்கேன் அறைக்கு வெளியே இரண்டு பேருக்கும் முழுசாகப் போட்டுக் காட்டினேன். மாமியார் மடை வரைக்கும் உம் கொட்டினார். "கம்மாயில தள்ளியிருக்கலாம்" என்கிற இடத்தில் பவதாரிணி என் கையிலிருந்து போனை வாங்கி, அதை மட்டும் திரும்பவும் ஒரு தடவை கேட்டாள். அழவில்லை.

"எங்கிட்ட இத நேராவே சொல்லியிருக்காருக்கா," என்றாள். "இவருகிட்டதான் சொன்னதில்ல. இத இவரு கேக்கணும். மடைய மட்டும் காட்டுனா, அப்பாவக் காப்பாத்த இதையும் வெட்டி ஒட்டிட்டோம்பாரு."

இருபத்தொன்பதாம் தேதி கீழத்துவரிப்பட்டி மந்தையில், ஊர் கூடுகிற திடலில், போட்டோம். வெட்டாத வீடியோ வந்திருக்கிறது, ஊரே பார்க்கட்டும் என்று பவதாரிணி வீட்டில் சொல்ல, டிவியை வெளியே எடுத்து வைத்தது சிவபாண்டியே. முதல் முப்பது நிமிடமும் யாரும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எழுதிய மடையையும் ஷட்டரையும் எழுபது பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். மீன் குத்தகைக்காரன் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர், "அட, இது அவனச் சொன்னதா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். அதன் பிறகு திரையில் செருப்பு வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். சிவபாண்டி பாதியிலேயே எழுந்து போய்விட்டார். ஒருவன் நாற்காலியை எட்டி உதைத்தான். என்னைப் போகச் சொன்னார்கள். போனேன்.

அப்பாவிடம் வந்து, வெட்டவில்லை என்று சொன்னேன். ஓங்கி அறைந்தார். என் வயதுக்கு அவர் கையால் வாங்கிய முதல் அடி. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு, "வா" என்றார். பின்னால் நடந்தேன்.

அவர் கீழத்துவரிப்பட்டி எல்லையை மிதிப்பது வளைகாப்புக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மந்தையில் போய் நின்றார். செருப்பைக் கழற்றினார். கூட்டம் சேர்ந்தது. யாரோ சிவபாண்டிக்குச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, பனியனோடு வந்து ஓரமாக நின்றார். பவதாரிணி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிரசவம் எங்கே என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் போன் இப்போது அவள் கையில் இருக்கிறது. தினமும் அவளே பேசுகிறாள்.

உங்கள் வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் அது பொய். என் அம்மா மாட்டுத் தொட்டியில் கொட்டிய சோற்றை நான் மறக்கவில்லை. நீங்களும் பென்டிரைவ் அனுப்பியதைச் சொல்லிக்காட்டாமல் இருக்கப் போவதில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான். அப்பா பேசுவதற்கு வாயைத் திறந்தபோது கூட்டத்தில் இரண்டு பேர் போனைத் தூக்கினார்கள். ஓரத்தில் நின்ற சிவபாண்டி நடுவில் வந்து, முன்னால் இருந்தவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"எடுக்காதீங்கடா. அவரு பேசட்டும்."

அப்பா ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார் என்பதை உங்களுக்கு எழுத மாட்டேன்.

முத்துமீனா